வெளிநாட்டு கிளப்பில் ரக்பி ஆட எதற்கு ‘கிளியரன்ஸ்’?

மதுரையில் ரக்பி ஆடும் பையன் நியூசிலாந்து கிளப் ஒன்றில் சேரக் கேட்டால் ‘முதலில் கிளியரன்ஸ் வாங்கு’ என்கிறார்கள், அது என்ன என்பதுதான் கேள்வி. ஒரு நாட்டுச் சங்கத்தில் பதிவான வீரர் இன்னொரு நாட்டில் ஆடலாம் என்று பழைய நாட்டுச் சங்கம் எழுத்தில் தரும் சம்மதம், அவ்வளவுதான். நமக்கு அந்தச் சங்கம் ‘ரக்பி இந்தியா’.

டி.என். 59 வண்டியை நிரந்தரமாகக் கேரளாவுக்குக் கொண்டுபோனால் வரி பாக்கி, கேஸ் எதுவும் இல்லையென்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. வாங்குகிறோம் இல்லையா, அதே கதை. இங்கே எதிராளியின் கழுத்தில் கையைப் போட்டுச் சாய்த்து, சிவப்பு அட்டை வாங்கி, தடையில் இருப்பவர் அடுத்த வாரமே ஆக்லாந்தில் இறங்கி ஒன்றும் தெரியாதவர்போல ஆடிவிடக் கூடாது. பழைய கிளப்போடு ஒப்பந்தம் பாக்கி இருந்தாலும் இதில் தெரிந்துவிடும்.

அப்புறம், நம் சித்திரைத் திருவிழா சமயத்தில் அங்கே கிளப் சீசன் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் தை மாசமே பேப்பர் வேலையைத் தொடங்கிவிடுங்கள் (கடைசி நேரத்தில் ஓடுவது மைதானத்தோடு போகட்டும்).

கிளியரன்ஸ் கிடைத்தால் விசா கிடைத்த மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, விசா தருவது அந்த நாட்டு அரசு, அதற்குத் தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.