வாசகர் கேள்வி: மேற்கு வெயிலும் ரோலர் பிளைண்டும்

வில்லாபுரத்துலேருந்து ஒரு வாசகி: அண்ணே, புது வீட்டுக்கு வந்து மூணு மாசந்தான் ஆகுது. ஹால்ல மேற்கு பாத்த ஜன்னல், 6 அடி அகலம். மூணு மணிக்கு மேல டிவியில யார் மூஞ்சியும் தெரியல. ரோலர் பிளைண்ட், அதான் சுருட்டி ஏத்துற துணித் திரை, போடலாம்னு கடைக்குப் போனா பிளாக்அவுட், சன்ஸ்கிரீன், ஜீப்ரான்னு மூணு கேட்லாக்கை எடுத்துப் போட்டாங்க. எல்லாம் ஒண்ணுதான், கலரைப் பாத்து எடுன்றாரு எங்க வீட்டுக்காரர். எதை எடுக்க?

கலரை கடைசியில பாத்துக்கலாம்மா, வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிருங்க. பிளாக்அவுட்னா வெளிச்சமே விடாத துணி, அதைப் போட்டா பட்டப்பகல்ல லைட்டைப் போட்டு உக்காரணும், அது ஹாலுக்கு ஆகாது. ஜீப்ரா பாக்க அழகுதான், பட்டை பட்டையா ரெண்டு அடுக்கு, ஆனா தூசி ரெண்டு மடங்கு, துடைக்கிறது நீங்கதான். என் ஓட்டு சன்ஸ்கிரீனுக்கு, வலை மாதிரி பொடி ஓட்டை விட்டு நெஞ்ச துணி. அதுல 1, 3, 5, 10 சதவீதம்னு ஒரு நம்பர் இருக்கும், ஏதோ தள்ளுபடின்னு நெனச்சுராதீங்க, நெசவுல ஓட்டை எவ்வளவுன்ற கணக்கு அது. மேற்கு வெயிலுக்கு 3 எடுங்க, கண்ணு ரொம்பக் கூசுற ஆளுன்னா 1. பத்து எடுத்தா சூரியன் துணிக்குப் பின்னாடி பல்பு மாதிரி நிக்கும், டிவி பாத்த மாதிரிதான். அதுக்கப்புறம் கலர்: கருப்பு, காப்பிக்கொட்டை கலர்னா வெளிய தெரு பளிச்சுன்னு தெரியும், ஆனா துணி சூட்டை வாங்கி ரூமுக்குள்ளயே விடும், வெள்ளை, சந்தனக் கலர்னா வெயில்ல ஒரு பகுதி கண்ணாடி வழியாத் திரும்பிப் போகும், தெரு கொஞ்சம் மங்கலாத் தெரியும். மதுரை வெயிலுக்கு நான் சந்தனத்துக்குத்தான் போவேன்.

ஒண்ணு மட்டும் கடைக்காரங்க சொல்ல மாட்டாங்க, ராத்திரி கதையே தலைகீழ். பகல்ல வெளிய இருக்கவங்களுக்கு உள்ள தெரியாது, சாயங்காலம் லைட்டைப் போட்டீங்கன்னா நீங்க இட்லி சாப்பிடறது தெருவுக்கே தெரியும். அதனால ரெண்டு பக்கமும் சும்மா ஒரு கர்ட்டன் தொங்க விடுங்க, சுங்குடியில தச்சுக்கிட்டா செலவும் கம்மி.

இன்னொண்ணு, பிளைண்ட் போட்டா கூச்சம் போகும், சூடு பூராம் போகாது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்தப்புறந்தானே துணி தடுக்குது. எங்க அம்மாச்சி ஜன்னலுக்கு வெளிய வெட்டிவேர்த் தட்டி கட்டி தண்ணி தெளிச்சுவிடும், அது சூடு வாசல்லயே நிக்கிற வழி. வெளிய இடம் இருந்தா ஒரு மூங்கில் தட்டியோ நர்சரியில கட்டுற பச்சை வலையோ கட்டிட்டு உள்ள பிளைண்ட் போடுங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

அளவு எடுக்கறதுல நானே ஏமாந்தவன், தையல் டேப்பால மேல மட்டும் அளந்து சொல்லிட்டேன், வந்த பிளைண்ட் கீழ சுவத்துல உரசுது, கடையில திரும்ப வாங்கல, இப்ப மச்சினன் வீட்டுல தொங்குது. நம்ம கொத்தனார் வேலையில ஜன்னல் மேல ஒரு அகலம் கீழ ஒரு அகலம் இருக்கறது சகஜம். இரும்பு டேப்பால மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளந்து, ஜன்னல் குழிக்குள்ள, அதான் சுவரு உள்வாங்கின இடத்துல, மாட்டறதா இருந்தா இருக்கறதுலயே சின்ன அளவைச் சொல்லுங்க. கதவு உள்பக்கம் திறக்குற ஜன்னலா இருந்தா குழிக்குள்ள மாட்டவே கூடாது, மேல சுவத்துல ஏத்தி, சுருட்டினப்ப கதவு இடிக்காத உசரத்துல மாட்டணும்.

திருநகர் வாசகர்: வடக்கு ஜன்னல்ல வெயிலே வராதுன்னு சொல்லித்தான் பெட்ரூமை அங்கிட்டு வச்சோம். கத்திரி வெயில்ல சாயங்காலம் ஆனா பீரோ மேல வெயில் அடிக்குது. ஜன்னல் திசை தப்பா?

திசை சரிதான் தம்பி, சொன்னவங்க கணக்குதான் தப்பு. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கால 10 டிகிரி கிட்டத்துல இருக்கு. ஏப்ரல் நடுவுல சூரியன் நம்ம உச்சந்தலைக்கு வந்துட்டு வடக்காம போயிரும், ஆகஸ்ட் கடைசியிலதான் திரும்பி உச்சிக்கு வரும். அதுக்கு நடுவுல அது மறையறது மேற்குக்கும் வடக்கால, அப்ப வடக்கு ஜன்னல்ல சரிவா உள்ள வந்து கிழக்குச் சுவத்துல விழத்தான செய்யும். உங்க பீரோ அங்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். மார்கழி தையில இதே வெயில் தெக்கு ஜன்னலுக்குப் போயிரும். தூங்குற ரூம்ங்கறதால பிளாக்அவுட் போடுங்க, ஆனா குழிக்குள்ள மாட்டினா ரெண்டு பக்கமும் பிராக்கெட் இடத்துக்கு துணி விரல் தண்டி சின்னதாத்தான் வரும், அந்தச் சந்துல கோடு கோடா வெளிச்சம் வந்து நைட் ஷிப்ட் முடிச்சு தூங்குறவங்களைப் படுத்தும். குழிக்கு வெளிய, ரூம் பக்கத்துச் சுவத்துல, ஜன்னலை விட ரெண்டு பக்கமும் 4 இஞ்ச் கூட விட்டு மாட்டுங்க.

மேலூர் வாசகி: பேரனுக்கு ரெண்டு வயசு, கையில கெடைக்கறதை எல்லாம் இழுக்கறான். பிளைண்டை ஏத்தி இறக்கற மணிச்சங்கிலி வளையமாத் தொங்குது, பயமா இருக்கு.

பயப்பட வேண்டிய விஷயந்தான் அக்கா. அந்த வளையம் பிள்ளைக கழுத்துல மாட்டி உயிரே போயிருக்கு. சங்கிலியைச் சுவத்தோட பிடிச்சு வைக்க ஒரு கிளிப் கூடவே வரும், வேலைக்காரர் அவசரத்துல அதைப் பையிலயே விட்டுட்டுப் போயிருவாரு, நின்னு மாட்டச் சொல்லுங்க. வளையத்தோட அடி தரையிலேருந்து 1.5 மீட்டருக்கு மேல இருக்கணும். ஜன்னல்கிட்ட கட்டில், நாற்காலி எதுவும் வேணாம். இன்னும் வாங்கலேன்னா சங்கிலியே இல்லாத ஸ்பிரிங் மாடல் கேளுங்க, கீழ் பட்டையைப் பிடிச்சு இழுத்து விடறது, விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

மாசி வீதி வாசகர்: தாத்தா காலத்து சுண்ணாம்புச் சுவரு, டிரில் போட்டா பொலபொலன்னு கொட்டுது. பிளைண்ட் நிக்குமா?

சுவத்துல போட வேணாம். பழைய வீட்டு ஜன்னல் நிலை நல்ல தேக்கா இருக்கும், பூச்சி அரிக்கலேன்னா பிராக்கெட்டை அந்த மரத்துலயே ஸ்குரூ போட்டு மாட்டுங்க, பிளைண்ட் கனத்தை அது தாங்கும்.