முருங்கை 300 நோயைத் தீர்க்குமா? சர்க்கரை உள்ள அம்மாவுக்குத் தினமும் முருங்கைப் பொடி கொடுக்கலாமா?

கீரையாகக் கொடுங்கள், தாராளமாக. மருந்து என்று நினைத்து, அதிலும் மாத்திரையைக் குறைத்துவிட்டுக் கொடுக்காதீர்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் முருங்கையைப் பற்றி உண்மையும் புளுகும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த 300 என்ற எண் பொடி டப்பாக்களிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுவது. என்னென்ன 300 என்று கேட்டுப் பாருங்கள், பட்டியல் வராது. "பாலைவிட இத்தனை மடங்கு கால்சியம்" என்பது முழுப் பொய் இல்லை, ஆனால் அது எடைக்கு எடை வைத்துச் சொல்லும் கணக்கு. காய்ந்த பொடி 100 கிராமில் கால்சியம் சுமார் 2,000 மி.கி. இருக்கும் என்றாலும் யாரும் 100 கிராம் பொடியை விழுங்கப்போவதில்லை. 5 கிராம் பொடி எடுத்தால், அதில் கிடைப்பது 100 மி.கி. அளவுதான். ஒரு டம்ளர் பாலில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. வைட்டமின் சி-யும் அப்படித்தான், பச்சை இலையில் நிறைய உண்டு, காயவைத்துப் பொடியாக்கும்போது பெரும்பகுதி போய்விடும். அதனால் இலை கிடைக்கிற இடத்தில் இருந்துகொண்டு பொடிக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இலையின் உண்மையான பலம் வேறு. 100 கிராமில் 6 முதல் 9 கிராம் வரை புரதம், ஒரு கீரைக்கு இது ரொம்ப அதிகம். இரும்புச்சத்து 4 மி.கி. பக்கம், உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் ஏராளம். ரத்தசோகைக்கும் கண்ணுக்கும் முருங்கைக்கீரை என்று பாட்டிமார் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. தாவர இரும்பு உடலில் முழுதாகச் சேராது, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். கரோட்டினுக்குக் கொழுப்பு வேண்டும், அதனால் பொரியலில் விழும் தேங்காயும் எண்ணெயும் வீண் இல்லை. "வெந்து கெட்டது முருங்கைக்கீரை, வேகாமல் கெட்டது அகத்திக்கீரை" என்ற பழமொழி இந்த விஷயத்தில் நல்ல சமையல் குறிப்பு. கடைசியில் போட்டு, சில நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.

பச்சை முருங்கை வேரைக் கசக்கினால் கடுகு மாதிரி ஒரு காரநெடி மூக்கில் ஏறும். கடுகும் முருங்கையும் தாவரவியலில் தூரத்துச் சொந்தம்தான், இரண்டிலும் குளுக்கோசினோலேட் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன, திசு நசுங்கியதும் ஒரு நொதி அவற்றை உடைத்து ஐசோதயோசயனேட்டாக மாற்றுகிறது. வீக்கத்தைக் குறைக்கும், கிருமியை அடக்கும் என்று ஆய்வகத்தில் செல்களிலும் எலிகளிலும் பார்த்தது இதையும்தான். மூட்டு வீக்கத்துக்கு இலையை விளக்கெண்ணெயில் வதக்கி ஒத்தடம் கொடுப்பது, உடம்பு வலிக்கு ஈர்க்கு (இலைக்காம்பு) ரசம் வைப்பது எல்லாம் ஏதோ ஒரு அனுபவத்தில் வந்தவை. ஈர்க்கு ரசம் எனக்கு மருந்தாக இல்லாவிட்டாலும் பிடிக்கும். பூவைப் பாலில் போட்டுக் குடிப்பது, காய் சாப்பிட்டால் ஆண்மை பெருகும் என்பது இதெல்லாம் நம்பிக்கை ரகம். காய் விஷயத்தை ஊதிப் பெரிதாக்கியதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு.

தாய்ப்பால் சுரக்க முருங்கைக்கீரை கொடுப்பது நம்மிடம் மட்டும் இல்லை, பிலிப்பைன்ஸிலும் உண்டு, அங்கே நடந்த சிறிய ஆய்வுகளில் பால் கூடியதாகவும் முடிவு வந்திருக்கிறது. கர்ப்பிணிகள் வழக்கம்போல் சமைத்த கீரை சாப்பிடலாம். வேர், பட்டை, அவற்றின் சாறு மட்டும் கூடவே கூடாது. அவற்றில் நச்சுத்தன்மை உள்ள பொருள்கள் உண்டு, கருவைக் கலைக்க அந்தக் காலத்தில் பயன்பட்டவையே அவைதான். "மரத்தின் எல்லாப் பாகமும் மருந்து" என்று யாராவது எழுதினால் இந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

இன்னொன்று, நாய்க்கடிக்கு முருங்கை இலையோடு பூண்டு, மஞ்சள், மிளகு அரைத்துக் கட்டச் சொல்லும் குறிப்பு இன்றும் பகிரப்படுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ரேபிஸ் வந்துவிட்டால் உயிர் பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

விதைக்கு வேறொரு பெருமை உண்டு. அரைத்துக் கலங்கல் தண்ணீரில் கலக்கினால், அதிலுள்ள நேர்மின்னூட்டப் புரதங்கள் மண் துகள்களை இழுத்துத் திரட்டி அடியில் படியவைத்துவிடும். சூடானில் நைல் தண்ணீரைப் பெண்கள் இப்படித் தெளியவைத்திருக்கிறார்கள். துகளோடு கிருமியும் பெருமளவு போகும், ஆனால் முழுதாகப் போகாது, எனவே கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

இப்போது அம்மா விஷயம். முருங்கை இலைக்கும் சர்க்கரைக்கும் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலம் நடந்தவை. சிலவற்றில் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை கொஞ்சம் குறைந்தது, சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கீரையாகச் சேர்ப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பொடியோ மாத்திரையோ தினமும் என்றால், ஏற்கெனவே எடுக்கும் மருந்தோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ வாய்ப்பு இருப்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொண்டு கொடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் பொடியையும் ஒரே வேளையில் கொடுக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் என்றால், கீரையில் வைட்டமின் கே இருப்பதால் ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் இல்லவே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது.

வீட்டில் இடம் இருந்தால் மரமே வைத்துவிடுங்கள். போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டாலும் வரும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 மாதிரி செடி முருங்கை என்றால் விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கும். கீரைக்குத்தான் வளர்க்கிறீர்கள் என்றால் இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடித்து இலை கை எட்டும் உயரத்திலேயே கிடைக்கும். சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், கிளை லேசான காற்றுக்கே முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடிமரத்தில் அடை அடையாக மொய்த்து அங்கிருந்து வீட்டுக்குள் ஏறும்.