முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு: பிசியோகிட்ட கேளுங்க

கேள்வி: கபடியில முட்டிக்குள்ள இருக்கிற ஏசிஎல் ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம். முட்டி 90 டிகிரி மடங்குது, ஆனா முழுசா நீள மாட்டேங்குது. பரவாயில்லையா சார்?

பதில்: இல்ல தம்பி. மடக்கம் மெதுவா வந்துக்கும், நீட்டம்தான் முதல்ல வரணும். நீளாத முட்டியோட நடந்தா நொண்டல் பழகிடும், உள்ளே தழும்பு வளர்ந்து அப்படியே இறுகிப் போயிடும். குதிகாலுக்கு அடியில டவலைச் சுருட்டி வைங்க, முட்டிக்கு அடியில ஒண்ணும் வேண்டாம். பத்து நிமிஷம் அப்படியே விடுங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. வீட்ல பாசத்துல முட்டிக்கு அடியில தலையணை வைப்பாங்க. சுகமா இருக்கும், அதுதான் வம்பே.

கூடவே முன்தொடையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்தி அஞ்சு எண்ணுங்க. மூட்டுல நீர் இருக்கிறவரை அந்தத் தசை சொன்ன பேச்சு கேக்காது. அதனாலதான் ஐஸ் வைக்கச் சொல்றோம். முட்டி தொங்காம காலை நேராத் தூக்க வரட்டும், அப்புறம் ஊன்றுகோலை விடுறதைப் பத்திப் பேசலாம். ரெண்டு வாரத்துல நீட்டம் கூடலைன்னா சர்ஜன்கிட்ட காட்டிடுங்க.

கேள்வி: எனக்கும் அதே ஆபரேஷன்தான், நாலு மாசம் ஆச்சு. வலியே இல்ல. அடுத்த மாசம் டோர்னமென்ட்ல இறங்கலாமா?

பதில்: கூடாது. வலி போயிடுச்சுங்கிறதால அறுந்த ஜவ்வுக்குப் பதிலா உள்ளே வச்ச தசைநாண் ஜவ்வா மாறிடுச்சுன்னு அர்த்தமில்ல. முதல் சில மாசத்துல அது வச்சப்போ இருந்ததைவிட வலு குறைஞ்சுதான் இருக்கும். 2016ல வந்த ஒரு ஆய்வுல, 9 மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் தள்ளிப்போட்டப்பவும் மறுபடி அடிபடுறது பாதியாக் குறைஞ்சிருந்தது. மாசக் கணக்கு மட்டும் போதாது. முன்தொடை வலு நல்ல காலோடதுல 90 சதவீதமாவது வரணும், ஒத்தைக்கால் தாவலும் அப்படித்தான். ரெய்டுல கணுக்காலைப் பிடிச்சு இழுக்கிறப்போ முட்டி திருகுமே, அதைத் தாங்கணும் இல்லையா? இப்போதைக்கு சைக்கிள், படி ஏறி இறங்குறது, உங்க பிசியோ தர்ற எடைப் பயிற்சி. கோச் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 60 வயசு, மூட்டுத் தேய்மானம். நடந்தா இன்னும் தேயும்னு எல்லாரும் சொல்றாங்களே?

பதில்: சும்மா உட்கார வச்சா தொடைதான் சூம்பும், முட்டிக்குச் சுமை கூடும். உயரமான நாற்காலியில கை ஊன்றாம உட்கார்ந்து எழச் சொல்லுங்க, பத்து தடவை. வலி பத்துக்கு மூணு, நாலு இருக்கலாம். மறுநாள் காலையில பழைய நிலைக்கு வந்திருக்கணும். வரலைன்னா எண்ணிக்கையைக் குறைங்க. படியில ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல.

கேள்வி: உட்கார்ந்து எழுந்தா முட்டியில டக் டக்னு சத்தம்.

பதில்: வலியும் வீக்கமும் இல்லைன்னா விட்டுடுங்க.

கேள்வி: முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ்ல தையல் போட்டிருக்கு. நண்பர் ஆறே வாரத்துல சம்மணம் போட்டாராம். நான் எப்போ போடலாம்?

பதில்: அவருக்குக் கிழிஞ்ச துண்டை வெட்டி எடுத்திருப்பாங்க. தையல் வேற கணக்கு: ஆழமா குந்துறதுக்கு நாலு மாசம் போல ஆகும். எந்த இடத்துல தச்சாங்கன்னு தெரிஞ்ச சர்ஜன்தான் தேதி சொல்லணும்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி பத்து நாள். கெண்டைக்கால் வீங்கி வலிக்குது. எண்ணெய் போட்டு நீவி விடலாமா?

பதில்: கை வைக்காதீங்க. ரத்தம் உறைஞ்சிருக்கலாம், இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ உடனே 108.