எளிய இனிப்புக்கு விருந்துக் களை: கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் செய்யும் கஸ்டர்ட், புட்டிங் எல்லாம் ருசியாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் விருந்தில் வைத்தால் எடுபடுவதில்லை. மேலே தூவுவதற்கு என்ன வாங்கலாம்?

பதில்: வாங்குவது இருக்கட்டும். முதலில் ஐந்து வாய் சாப்பிட்டுப் பாருங்கள். முதல் வாயும் ஐந்தாவது வாயும் ஒரே மாதிரி இருந்தால் குறை அங்கேதான் இருக்கிறது. கஸ்டர்ட், புட்டிங், மூஸ் எல்லாமே மெத்தென்று, இனிப்பாக, குளிர்ச்சியாக இருப்பவை. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் திகட்டத்தான் செய்யும். எதிர்ப்பக்கத்தில் ஏதாவது ஒன்றை வையுங்கள்: மொறுமொறுப்பு, புளிப்பு, இளங்கசப்பு, இல்லையென்றால் சூடு. வண்ணத் தூவல்கள் இனிப்பின் மேல் இன்னும் கொஞ்சம் இனிப்பு, அவ்வளவுதான்.

செலவே இல்லாத ஒரு மாற்றம் உப்பு. அரை லிட்டர் பாலுக்கு இரண்டு சிட்டிகை போதும். உப்புக் கரிப்பு தெரியக்கூடாது. அது கசப்பை அடக்குவதால் இனிப்பும் மணமும் மேலே வரும். வெனிலா எசென்ஸை அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் பாதி மணம் சமையலறைக்குப் போய்விடும். எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் சேர்ப்பதாக இருந்தால், துருவிய தோலைச் சர்க்கரையோடு விரல்களால் கசக்கிவிட்டுப் பாலில் போடுங்கள். தோலில் உள்ள எண்ணெய் சர்க்கரையில் இறங்கி, அதே அளவு தோல் இரண்டு மடங்கு போட்டதுபோல மணக்கும். வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும், மேல்தோலோடு நிறுத்துங்கள்.

கேள்வி: மொறுமொறுப்புக்காக பிஸ்கட் தூளை நடுநடுவே அடுக்கினேன். பரிமாறும்போது சொதசொதன்னு ஆயிடுச்சு. எதனால?

பதில்: கஸ்டர்டில் நீர் அதிகம், பிஸ்கட்டில் மிகக் குறைவு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீர் பிஸ்கட்டுக்குத்தான் போகும். அதைத் தடுக்கக் கொழுப்பால் ஒரு வேலி போட வேண்டும். 100 கிராம் பிஸ்கட் தூளுக்கு 40 கிராம் உருக்கிய வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு கலந்து, தட்டில் பரப்பி, 160 டிகிரி ஓவனில் 8 நிமிடம் வையுங்கள். ஓவன் இல்லையென்றால் அடி கனமான வாணலியில் சிறு தீயில் கிளறி வறுக்கலாம். முழுக்க ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு வரும். சூடாக இருக்கும்போது தொட்டுப் பார்த்துவிட்டு இன்னும் வறுத்தால் கருகிவிடும்.

இதுவும் ஒரு ராத்திரி முழுக்கத் தாங்காது, சில மணி நேரம் தாங்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் கிண்ணத்தின் அடியில் பிஸ்கட்டைப் பரப்பி, மேலே உருக்கிய சாக்லேட்டை மெல்லியதாகத் தடவி உறைய விடுங்கள். பிறகு கஸ்டர்டை ஊற்றலாம். மேலே தூவ வேண்டியதைப் பரிமாறும் நிமிடத்தில் தூவுங்கள்.

கேள்வி: அக்கா, 500 மில்லி பாலுக்கு 2 மஞ்சள் கருவும் சோளமாவும் போட்டு கஸ்டர்ட் செஞ்சேன். ராத்திரி நல்லா கெட்டியா இருந்துச்சு. காலையில பாத்தா தண்ணியா ஓடுது. பால் கெட்டுப்போச்சா?

பதில்: பால் கெடவில்லை. மஞ்சள் கருவில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. கஸ்டர்ட் கெட்டியானதும் பயந்துபோய் அடுப்பை அணைத்திருப்பீர்கள். அந்தச் சூட்டில் நொதி முழுக்கச் சாகவில்லை. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் உட்கார்ந்து மாவை உடைத்துவிட்டது. சோளமாவு சேர்ந்த கஸ்டர்ட் கெட்டியான பிறகும், நடுவில் குமிழ் வெடித்து "பொளக் பொளக்" என்று கொதிக்க வேண்டும். கை விடாமல் கிளறியபடி ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். மாவு இருப்பதால் முட்டை திரியாது.

நீங்கள் ருசி பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விட்டிருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம். எச்சிலிலும் இதே வேலையைச் செய்யும் நொதி உண்டு!

மாவே இல்லாமல் மஞ்சள் கருவில் மட்டும் செய்யும் கஸ்டர்டுக்கு விதி தலைகீழ். அதைக் கொதிக்கவே விடக்கூடாது. 82 டிகிரியில் கெட்டியாகும், 85ஐத் தாண்டினால் திரிய ஆரம்பிக்கும். வெப்பமானி இல்லையென்றால் கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் அதுதான் பதம். உடனே வேறு பாத்திரத்துக்கு வடிகட்டுங்கள், சூடான பாத்திரத்திலேயே விட்டால் வேகிக்கொண்டே இருக்கும். லேசாகத் திரிந்திருந்தால் மிக்சியில் ஒரு சுற்று விட்டு வடிகட்டினால் சமாளிக்கலாம். முட்டைப் பொடிமாஸ் ஆகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

எந்தக் கஸ்டர்டாக இருந்தாலும் ஆடை படியாமல் இருக்கக் கிளிங் ஃபிலிமை (ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) மேற்பரப்பிலேயே ஒட்டினாற்போல் மூடுங்கள். பாத்திர விளிம்பில் மூடினால் பயனில்லை.

கேள்வி: க்ரீமை எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்கவில்லை. இன்னொரு முறை நன்றாக வந்து, திடீரென்று மணல்மணலாகிவிட்டது.

பதில்: முதல் தடவை கொழுப்பு போதவில்லை அல்லது குளிர் போதவில்லை. பெட்டியைப் பாருங்கள், 35 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். 25 சதவீதம் என்றால் சாஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை மணி நேரம் அடித்தாலும் அது நிற்காது. குமிழைத் தாங்கிப் பிடிப்பது உறைந்த கொழுப்பு. அதனால் க்ரீம் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். கிண்ணத்தையும் பீட்டர் கம்பியையும் 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். சமையலறை புழுக்கமாக இருந்தால் ஐஸ் தண்ணீர் நிரம்பிய பெரிய பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து அடியுங்கள்.

200 மில்லி க்ரீமுக்கு 20 கிராம் பொடித்த சர்க்கரை. நடுத்தர வேகம். கம்பியின் தடம் தெரிய ஆரம்பித்ததும் வேகத்தைக் குறையுங்கள். தூக்கினால் நுனி வளைந்து சாயும் பதம் கரண்டியால் எடுத்து வைக்க, நுனி நிமிர்ந்து நிற்பது பைப்பிங் செய்ய, அதாவது கூம்புப் பையில் நிரப்பிப் பிழிய. இந்த இரண்டுக்கும் இடையே அரை நிமிடம்கூட இருக்காது. கடைசிச் சுற்றுகளைக் கையால் அடிப்பது நல்லது.

மணல்மணலானது கொழுப்பு ஒன்று திரண்டு வெண்ணெயாகும் முதல் படி. அங்கேயே நிறுத்திவிட்டு, அடிக்காத க்ரீம் இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஊற்றி மெதுவாக மடித்துக் கலந்தால் பெரும்பாலும் திரும்பி வரும். மோர் பிரிந்துவிட்டால் வெண்ணெய் கிடைத்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நுரை சில மணி நேரம் நீர் விடாமல் நிற்க, அடிக்கும்போதே ஒரு மேசைக்கரண்டி பால் பவுடர் சேருங்கள்.

கேள்வி: ஒரே ஒரு சாஸ் கற்றுக்கொள்வதென்றால் எது? காரமெல் செய்தால் ஒரு தடவை சர்க்கரைக் கட்டியாகிறது, ஒரு தடவை கருகுகிறது.

பதில்: காரமெல்தான். கஸ்டர்ட், ஐஸ்க்ரீம், கேக், வெறும் வாழைப்பழம் எதன்மேல் ஊற்றினாலும் எடுக்கும்.

அடி கனமான, வெளிர் நிறப் பாத்திரம் எடுங்கள். கறுப்புப் பாத்திரத்தில் நிறம் தெரியாது. 100 கிராம் சர்க்கரை, 30 மில்லி தண்ணீர், கால் டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சர்க்கரை கரையும் வரை கிளறலாம். கொதி வந்தபின் கரண்டியே கூடாது. ஒரு துகள் படிகமானால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் படிகமாகிவிடும். பக்கங்களில் தெறித்து ஒட்டியதை நனைத்த பிரஷ்ஷால் கீழே இறக்குங்கள். சாற்றின் வேலையும் இதுதான்: சர்க்கரையில் கொஞ்சத்தை உடைத்துப் படிகம் சேராமல் தடுக்கும். அப்படியும் கட்டியானால் தூக்கிப் போடாதீர்கள். 50 மில்லி தண்ணீர் ஊற்றிக் கரைத்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

நிறம் ஒரு ஓரத்தில் வரத் தொடங்கும்போது பாத்திரத்தைச் சுழற்றுங்கள். தேன் நிறம் தாண்டி, பால் சேர்க்காத தேநீர் நிறத்துக்கு வரும்போது சுமார் 175 டிகிரி. அதற்கு ஒரு நிழல் முன்பே அடுப்பிலிருந்து எடுங்கள், மீதியைப் பாத்திரத்தின் சூடு பார்த்துக்கொள்ளும். தயாராக வைத்திருக்கும் வெதுவெதுப்பான 80 மில்லி க்ரீமை மூன்று தடவையாக ஊற்றுங்கள். குளிர்ந்த க்ரீம் ஊற்றினால் காரமெல் கல்லாகும். பொங்கும், ஆவி கையைச் சுடும், நீளக் கரண்டி அவசியம். பிறகு 20 கிராம் வெண்ணெய், கால் டீஸ்பூன் உப்பு. புகை வந்து மூக்கில் ஏறினால் அது கருகல். எவ்வளவு க்ரீம் ஊற்றினாலும் அந்தக் கசப்பு மறையாது, கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

இதே நிறத்தில் க்ரீம் சேர்க்காமல், வறுத்த பாதாம் 100 கிராமைப் போட்டுப் புரட்டி பட்டர் பேப்பரில் கொட்டினால் ஆறியதும் உடைத்துத் தூவலாம். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், காற்றுப் புகாத டப்பா வேண்டும். பாத்திரத்தைச் சுரண்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள்.

கேள்வி: சாக்லேட் உருக்கும்போது திடீரென்று களிமண் மாதிரி திரண்டுவிட்டது.

பதில்: ஆவியோ ஈரக் கரண்டியோ சில சொட்டுத் தண்ணீரைச் சேர்த்துவிட்டது. சாக்லேட்டில் உள்ள சர்க்கரைத் துகள்கள் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இதற்கு மருந்தும் ஈரம்தான். 100 கிராமுக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி சூடான பாலோ க்ரீமோ ஊற்றிக் கலக்கினால் பளபளப்பான சாஸாகும். ஆனால் மறுபடி கட்டியாக உறையாது, அச்சில் ஊற்றப் பயன்படாது.

கனாஷ் (சாக்லேட்டும் க்ரீமும் கலந்த கலவை) செய்ய, டார்க் சாக்லேட்டுக்கு எடைக்கு எடை க்ரீம். மில்க் சாக்லேட் என்றால் சாக்லேட் இரண்டு பங்கு, க்ரீம் ஒரு பங்கு. வெள்ளை என்றால் மூன்றுக்கு ஒன்று. சூடான க்ரீமைப் பொடியாக நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளியே கலக்குங்கள். எண்ணெய் பிரிந்தால் ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பால்.

கேள்வி: அன்னாசி போட்ட ஜெல்லி செட் ஆகவே இல்லை. ஜெலட்டின் பழசா?

பதில்: அன்னாசி பச்சையா, அதாவது வேகவைக்காததா? அதுதான் காரணம். பச்சை அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றிலும் புரதத்தை உடைக்கும் நொதி உண்டு. ஜெலட்டின் ஒரு புரதம். பழத்தைச் சில நிமிடம் கொதிக்க வைத்துச் சேருங்கள், டின் அன்னாசி ஏற்கெனவே வெந்தது. இல்லையென்றால் சைனா கிராஸ் எனப்படும் அகர் அகர். அது கடற்பாசியிலிருந்து வருவது, புரதம் அல்ல, சைவம் சாப்பிடுபவர்களுக்கும் ஆகும். அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் பொடி, இரண்டு நிமிடம் கொதிக்க வேண்டும். ஜெலட்டினைக் கொதிக்க விடக்கூடாது.

அகர் 40 டிகிரி அருகிலேயே உறைந்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை அதில் கொட்டினால் திட்டுத்திட்டாகும். இதே பச்சைப் பழங்களைப் பால், க்ரீமோடு கலந்து வைத்தாலும் கசப்பு வரும், கடைசியில் மேலே வையுங்கள்.

கேள்வி: முட்டைப் புட்டிங் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக வருகிறது.

பதில்: சூடு அதிகம். 500 மில்லி பால், 3 முழு முட்டை, 2 மஞ்சள் கரு, 80 கிராம் சர்க்கரை அளவுக்கு, பாலை வெதுவெதுப்பாக மட்டும் சூடாக்குங்கள். நுரைக்க அடிக்காமல் கலக்கி, வடிகட்டி, பத்து நிமிடம் வைத்து மேல் நுரையை எடுங்கள். கிண்ணத்தை ஆழமான தட்டில் வைத்து, கிண்ணத்தின் பாதி உயரத்துக்குத் தட்டில் வெந்நீர் ஊற்றி, ஓவனில் 150 டிகிரி, சிறு கிண்ணம் என்றால் 35 நிமிடத்திலிருந்து பார்க்கலாம். ஆவியில் என்றால் மிகச் சிறு தீ, ஃபாயில் மூடி. அசைத்தால் ஓரம் நின்று, நடு மட்டும் ஆட வேண்டும். நடுவும் நின்றுவிட்டால் தாமதம்தான்.

கேள்வி: சர்க்கரையைக் குறைக்கலாமா?

பதில்: கஸ்டர்ட், புட்டிங்கில் மூன்றில் ஒரு பங்கு தாராளமாக. ஐஸ்க்ரீமில் குறைத்தால் பாறையாகும், சர்க்கரைதான் அதை மென்மையாக வைத்திருக்கிறது. மெரிங்கில் (முட்டை வெள்ளையும் சர்க்கரையும் நுரைக்க அடித்துச் செய்வது) கை வைக்காதீர்கள். குளிரில் இனிப்பு மங்கலாகத் தெரியும் என்பதால், சூடாக இருக்கும்போது ருசி பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: கேக் வறண்டுபோச்சு. நாளைக்கு விருந்து!

பதில்: 100 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர் ஒரு கொதி. ஆறியதும் எலுமிச்சைச் சாறோ கெட்டிக் காபியோ இரண்டு டீஸ்பூன். 18 செ.மீ. கேக்கை இரண்டாக அறுத்து, வெட்டிய பக்கங்களில் மொத்தம் 80 மில்லி வரை பிரஷ்ஷால் தடவுங்கள். ஊற்றினால் ஒரு இடம் களியாகும். மூடி ராத்திரி வைத்தால் ஈரம் சமமாகப் பரவும்.

கேள்வி: எனக்கு அலங்காரம் வராது. எட்டுப் பேருக்கு, கடைசி நேரப் பதற்றம் இல்லாமல் எப்படிப் பரிமாறுவது?

பதில்: 120 மில்லி கண்ணாடி டம்ளர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கே அலங்காரம். பைப்பிங் பையில், இல்லையென்றால் மூலை வெட்டிய கவரில் கஸ்டர்டை நிரப்பி நடுவில் பிழியுங்கள். கரண்டியால் போட்டால் கண்ணாடியில் இழுகும். மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள்.

முந்தின நாள் கஸ்டர்ட், காரமெல், பாதாம். அன்று காலை டம்ளர் நிரப்புவது. பரிமாறுவதற்கு அரை மணி முன் 250 கிராம் பழத்துண்டில் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு பிசறி வையுங்கள், தானாகச் சாறு விடும். அதற்கு முன்பே செய்தால் பழம் துவண்டுவிடும். காரமெலைக் கையில் சுடாத அளவுக்குச் சூடாக்கி ஒரு டீஸ்பூன் மட்டும் ஊற்றி, பழத்தை வைத்து, பாதாமைத் தூவி உடனே கொடுங்கள். அடியில் ஜில்லென்ற கஸ்டர்ட், மேலே இளஞ்சூட்டுக் காரமெல். இரண்டு நிமிடம் தாண்டினால் இந்த வித்தியாசம் போய்விடும், அதனால் எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஊற்றுங்கள்.