டீச்சரம்மா பதில்கள்: சூரைச்செடியின் நிழலில்

கேள்வி: என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது கை விளங்கவில்லை, பேச்சும் வரவில்லை. அவருடைய சைக்கிள் கடையை மூடிவிட்டோம். தையல் மிஷினை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் குழுக் கடனையும் சமாளிக்கிறேன். போன வாரம் சபையில் ஓர் அக்கா, 'உன் விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, இல்லாவிட்டால் இதற்குள் அவர் எழும்பியிருப்பார்' என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இப்போது முழங்கால் போட்டால் அழுகை வருகிறது, வார்த்தை வரவில்லை. தைரியத்துக்கு நான் எங்கே போவேன்?
- பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: மகளே, உன் கடிதத்தின் பின்பக்கத்தில் 'தோள் 14, கை 9' என்று ஜாக்கெட் அளவு இருந்தது. அளவு நோட்டிலிருந்து கிழித்த தாள் போல. விசுவாசத்தில் ஓட்டை விழுந்தவள் ராத்திரி பதினொரு மணிக்கு அடுத்தவள் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருக்க மாட்டாள். அந்த அக்காவைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடு. முந்தின அதிகாரத்தில்தான் எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் ஊரே பார்க்க ஜெபித்து அக்கினியை இறக்கினார். அதே ஆள் இங்கே யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடுகிறார். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்கிறார். அப்போது வந்த தூதன் என்ன செய்தான்? விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினானா? தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அதைச் சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார்! அதற்கும் திட்டு விழவில்லை. இரண்டாந்தரம் எழுப்பியபோதும் சாப்பாடுதான். 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்றான், அவ்வளவே. தூரத்தைக் குறைத்துக் கொடுக்கவில்லை என்பதையும் கவனி.

என் வீட்டுக்காரர் 1989-இல் இறந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. ஏழெட்டு மாதம் கோயிலில் பாமாலைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறேன். கடவுள் மேல் கோபம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வசனம் சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு அத்தை ஒருவர் மட்டும், கிறிஸ்தவர்கூட இல்லை, சுடலைமாடனுக்குக் கொடை எடுக்கிற குடும்பம், தினமும் பொழுது சாயும் நேரம் தூக்குவாளியில் சோறோ கஞ்சியோ கொண்டுவந்து திண்ணையில் வைப்பார். 'பாத்திரத்த காலையில குடு' என்பார், போய்விடுவார். தூதன் கொண்டுவந்த அடையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூக்குவாளிதான் கண்ணில் தெரியும்.

எங்க அப்பா பனையேறி. தேரிக்காட்டு ஓரம் எங்கள் ஊர். காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் மரம் ஏறிப் பாளை சீவிப் பதநீர் இறக்குவார். அம்மா விடிலிக் குடிசையில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவாள். ஒரு வருஷம் அப்பாவோடு தொழில் செய்தவர் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அப்பா மூன்று நாள் மரத்தடிக்கே போகவில்லை. நாலாம் நாள் மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், அப்புறம் தளைநாரைக் காலில் மாட்டினார். இறங்கி வந்ததும் நான், 'பயம் போயிட்டாப்பா?' என்று கேட்டேன். 'எங்க போச்சு? அதையும் அருவாப்பெட்டியில போட்டுக்கிட்டுத்தான் ஏறுனேன்' என்றார். எனக்குத் தெரிந்த தைரியம் இந்த ரகம்தான். பயம் தீர்ந்தபிறகு வருகிற ரகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஜெபத்தில் வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 88-ஐ வாய்விட்டு வாசி. கடைசி வரிவரை ஆறுதலே இல்லாத சங்கீதம். அதையும் வேதாகமத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி, உன் அடைக்கும் தண்ணீருக்கும் வருவோம். இரத்த அழுத்த மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதே. ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்த வேகத்தில் நிறுத்தி, இரண்டாவது தடவையும் வாதம் வந்தவர்களை எனக்குத் தெரியும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து நடக்கிறது. மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தாயா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. குழுக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதே. தவணை தவறுவதற்கு முன்பே தலைவியிடம் உள்ளதைச் சொல்லிவிடு. ராத்திரி மனசு ரொம்பக் கனத்தால் 14416-க்குப் போன் போடு. அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு இல்லை. எந்த நேரமும் ஆள் எடுப்பார்கள்.

இன்னொன்று. அவர் ஞாயிறு பள்ளியில் படித்த பாட்டு ஏதாவது இருக்கும் அல்லவா? அதைப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பாடு. பேச்சு போனவர்களில் சிலருக்குப் பழகின பாட்டு மட்டும் வார்த்தையோடு வரும். பேச்சை நடத்துகிற இடம் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம். ராகத்துக்கு வலப்பக்கமும் கைகொடுக்கிறது. வரும் என்று உறுதி சொல்லமாட்டேன். ஆனால், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களே செய்து பார்க்கிற காரியம் இது. உனக்கும் ஜெபிக்க வார்த்தை வராத நேரம். இரண்டு பேரும் சேர்ந்து பாடுங்கள்.

கேள்வி: துன்பத்தில் நிலைத்து நின்றவர் என்றால் எல்லாரும் யோபுவையே சொல்கிறார்கள். நம்ம பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்லுங்களேன்.
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: களக்காட்டுப் பஸ் ஏறு, தம்பி. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் இருந்தார். அயர்லாந்தில் பிறந்தவர், 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. தேவதாசியாகக் கோயிலுக்குப் பொட்டுக் கட்ட இருந்த பெண் பிள்ளைகளை 1901 முதல் எடுத்து வளர்த்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. ஜெபிக்கப் பிள்ளைகளுக்கா பஞ்சம்? ஆனாலும் சுகம் வரவில்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய பத்தொன்பது வருஷம், பெரும்பாலும் அந்த அறையும் கட்டிலும்தான். படுத்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார். அவற்றில் ஒன்றில், சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதி அனுப்புகிற ஆறுதல் தமக்கு உதவவில்லை என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அவ்வளவு வருஷமும் புன்னகையோடு படுத்திருந்தார் என்று எழுதுகிறவர்களைவிட, எனக்கு இந்த ஏமி அம்மாவைத்தான் பிடிக்கிறது.

கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, 'அம்மாய்' என்று பொறித்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நான் சரித்திரம் சொல்லச் சொல்ல, ஒருத்தி தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை அந்தத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கேள்வி: கஷ்ட நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை ஆண்டவர் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையில் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுத்து அலமாரிக் கண்ணாடியில் ஒட்டுகிறவள்தான் நானும். அதனால் உன்னைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. 1989-இல் நானும் அப்படித் திறந்து பார்த்தேன். விரல் பட்டது நாளாகமத்து வம்ச வரலாற்றில். இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான் என்று ஒரு பக்கம் முழுக்கப் பேர். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அந்த மாதத்தில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.