நாற்காலிக்குத் தனிக் கணக்கு, காபிக்குத் தனிக் கணக்கு

கேள்வி: எனக்கு 26 வயது. துரைப்பாக்கத்தில் ஐ.டி. வேலை. பிடித்தம் போகக் கைக்கு 38,000 ரூபாய் வருகிறது. பி.ஜி.யில் மூன்று பேர் ஓர் அறையில் இருக்கிறோம். வாரத்துக்கு ஐந்து நாளாவது காபி ஷாப் போய்விடுகிறேன். போன மாதம் கூட்டிப் பார்த்தால் 7,400 ரூபாய்! "காபிக்கா இவ்வளவு காசைக் கொட்டுறே?" என்று அம்மா திட்டுகிறார். ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால்தான் எனக்கு நிம்மதி. அதை விடவும் முடியவில்லை, பணம் சேர்க்கவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புத் தோழிக்கு,

விட வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சம்பளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போவது அதிகம்தான், அம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அங்கே நீங்கள் கொடுக்கும் காசில் காபிக்குப் போவது கொஞ்சம்தான்.

ஒரு கப்புச்சினோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஷாட் (இரண்டு சின்ன அளவு எஸ்பிரெசோ டிகாக்‌ஷன்) போட்டால்கூட அதற்குச் செலவாகும் காபித்தூள் 18 கிராம் அளவுதான். நல்ல அரபிகா ரகத் தூள், கிலோ 1,500 ரூபாய் என்றாலும் 27 ரூபாய் ஆகிறது. பாலுக்கு ஒரு 15 ரூபாய் வையுங்கள். 5 சதவிகித ஜி.எஸ்.டி. போக, மீதியெல்லாம் கடை வாடகை, ஏ.சி., லட்சக்கணக்கில் விலையுள்ள எஸ்பிரெசோ மெஷின், அதில் நிற்கும் பிள்ளைகளின் சம்பளம், கம்பெனியின் லாபம். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. நீங்கள் ஒரு மணி நேரம் உட்காருகிற நாற்காலிக்கு அது வாடகை. ஆனால் அதே கப்பைப் பார்சல் வாங்கிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடும் நாளில், உட்காராத நாற்காலிக்கும் வாடகை கட்டிவிட்டு ஓடுகிறீர்கள்.

அந்த நாற்காலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு பெண் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து புத்தகம் படிக்க முடியுமா? பார்த்தே எழுப்பிவிடுவார்கள். சைவ ஹோட்டலில் காபி அருமையாக இருக்கும், ஆனால் டம்ளர் காலியானதும் பில் வந்துவிடும், பின்னால் ஆள் காத்திருப்பார். நல்ல வெளிச்சம், சுத்தமான டாய்லெட், சார்ஜர் போட ஒரு பிளக், 'தனியாவா வந்திருக்கீங்க?' என்று கேட்காத மனிதர்கள். இத்தனையும் ஒரே இடத்தில் கிடைப்பது பெண்களுக்கு இந்த ஊரில் எளிதாக இல்லை. நீங்கள் அதற்குக் காசு கொடுப்பதை ஆடம்பரம் என்று நான் எண்ணவில்லை.

ஆகவே இன்று இரவு போன மாதத்து ஜிபே கணக்கைத் திறந்து, ஒவ்வொரு காபி பில்லுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: தனியாக உட்கார்ந்தேன், பார்சல், ஆபீஸ் ஆட்களோடு, ஆப்பில் ஆர்டர். நிம்மதி தந்தது முதல் வகை மட்டும்தான் என்று உங்களுக்கே தெரியும். அதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றில் கை வையுங்கள்.

ஆப் ஆர்டரை இன்றோடு நிறுத்திவிடலாம். டெலிவரி கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கட்டி, ஆறிப்போன காபியை அதே அறையில் உட்கார்ந்து குடிக்க வேண்டியதில்லை. ஆபீஸ் ஆட்களோடு நான்கு மணிக்குப் போவது பேச்சுக்காகத்தான். அதற்கு ஆபீஸுக்குக் கீழே இருக்கிற டீக்கடையே போதும், கூட்டமாகப் போகும்போது யாரும் முறைக்கவும் மாட்டார்கள். 'இந்த வாட்டி நான் குடுக்குறேன்' என்று ஐந்து பேருக்கு காபி ஷாப்பில் கார்டைத் தேய்க்கும் வழக்கம் இருந்தால், அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பார்சலாக வாங்கும் காலைக் காபிதான் நிஜமாகவே காபிக்காகக் குடிப்பது. அதை அறையிலேயே போடலாம். பி.ஜி.யில் அடுப்பு இருக்காது, சரி. டிகாக்‌ஷனுக்கு வெந்நீர் போதும். சின்ன எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். காபித்தூள் கடையில் 'ஃபில்டருக்கு' என்று சொல்லி, பிளான்டேஷன் ஏ, பீபெர்ரி என்ற இரண்டு வகைக் கொட்டைகளையும் கலந்து 20 சதவிகிதம் சிக்கரி போட்டு அரைக்கச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம், மணம் போய்விடும். படுக்கும் முன் மேல் பாத்திரத்தில் மூன்று ஸ்பூன் தூள் போட்டு, குடையை (ஃபில்டரோடு வரும், கைப்பிடி வைத்த அமுக்குத் தட்டு) வைத்து லேசாக அமுக்குங்கள். பலமாக அழுத்தினால் காலையில் பார்க்கும்போது தண்ணீர் மேலேயே நிற்கும். கொதித்த நீரைக் குடையின் மேல் மெல்லச் சுற்றி ஊற்றி, மூடிவிட்டுத் தூங்குங்கள். காலையில் மெஸ் அக்காவிடம் அரை டம்ளர் சூடான பால் கேட்டு வாங்கிக் கலந்துகொள்ளலாம். கெட்டிலில் மட்டும் பால் காய்ச்சாதீர்கள், அடிப்பிடித்துப் பொங்கி கெட்டிலே வீணாகிவிடும். 2025 பிப்ரவரியில் அரபிகா விலை உலகச் சந்தையில் வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. பிரேசிலின் வறட்சி அதற்குப் பெரிய காரணம். இங்கே தூள் விலையும் ஏறித்தான் இருக்கிறது. அப்படியும் ஒரு டம்ளருக்கு ஆகும் செலவு காபி ஷாப் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இனி உங்கள் நாற்காலி. வாரத்துக்கு இரண்டு நாள், எந்தக் கிழமை என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். போகும் முன் எதையாவது சாப்பிட்டுவிடுங்கள், பசியோடு போனால் சாண்ட்விச் சேர்ந்து பில் இரட்டிப்பாகும். சின்ன கப் கேளுங்கள். உட்காரும் நேரத்துக்கும் கப் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. சிரப், கிரீம் எல்லாம் தனித்தனி விலை. பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது கட்டாயமில்லை என்று 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஜி.எஸ்.டி. மட்டும் வரி, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். ரிவார்டு பாயின்ட் சேருவதற்காக மூன்றாவது நாள் போகாதீர்கள்.

இதற்கு மாதம் 3,000 ரூபாய் ஒதுக்குங்கள். சம்பளம் வந்ததும் அதை யு.பி.ஐ. லைட்டில் (ஜிபே போன்ற ஆப்பிலேயே சின்னச் செலவுக்கென்று இருக்கும் தனிப் பணப்பை) ஏற்றிவிட்டு, காபி ஷாப்பில் அதிலிருந்து மட்டும் கொடுங்கள். அதில் ஒரே நேரத்தில் 5,000 ரூபாய் வரை வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை கட்டலாம். பணம் குறைந்ததும் தானாக நிரப்பிக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது, அதை மறக்காமல் அணைத்துவிடுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டால் அடுத்த மாதம்தான்.

டீ, காபித்தூளுக்கு 900 ரூபாய் வைத்தாலும் 3,500 மிஞ்சுகிறது. தபால் அலுவலகத்து ஐந்து வருட ஆர்.டி.க்கு (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு) இப்போது 6.7 சதவிகித வட்டி. மாதம் 3,500 போட்டால், நீங்கள் கட்டியது 2,10,000 ரூபாய், கைக்கு வருவது கிட்டத்தட்ட இரண்டரை லட்சம். மூன்று வருடத்துக்கு முன் அதை முடிக்க முடியாது, அப்புறம் முடித்தாலும் வட்டி குறைந்துவிடும். அவ்வளவு காலம் கட்டிப்போடத் தயக்கமாக இருந்தால் வங்கியில் ஒரு வருட ஆர்.டி. போடுங்கள். எதுவானாலும் சம்பளம் வந்த மறுநாளே கணக்கிலிருந்து போய்விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது. ஏ.சி. உண்டு, நாற்காலிக்கு வாடகை இல்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது 7,400 ரூபாய் அல்ல, மூன்று பேர் இருக்கிற அந்த அறைதான். வாரத்தில் ஐந்து நாள் வெளியே ஓட வேண்டியிருக்கிறது என்றால், அங்கே கதவைச் சாத்திக்கொண்டு இருக்க உங்களுக்கு இடமில்லை. அதே பி.ஜி.யிலோ பக்கத்திலோ இரண்டு பேர் அறைக்கும் தனி அறைக்கும் மாதம் எவ்வளவு கூடுதலாகிறது என்று விசாரியுங்கள். 3,500 ரூபாய்க்குள் என்றால், ஆர்.டி. தொகையைக் குறைத்துக்கொண்டாவது மாறிவிடுங்கள். விசாரித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், மீதிக் கணக்கைச் சேர்ந்து போடலாம்.