தொங்கி நிற்கும் கோரிக்கை – கடிதம்

ஐயா, வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். லோடு ஏறியதும் எடை, விவசாயி பெயர், ஊர் மூன்றையும் நான் எழுதிய பைத்தான் நிரல் சர்வருக்கு அனுப்பும். பதில் வந்தால்தான் சீட்டு அச்சாகும். சில லோடுகளுக்கு மட்டும் அப்படியே தொங்கிவிடுகிறது. சரியாக ஒரு நிமிடம் கழித்து இணைப்பு அறுந்துவிடும். டவர் கோளாறு என்று சிம்மை மாற்றினேன், டைம்அவுட்டை (பதிலுக்குக் காத்திருக்கும் கெடு) ஐந்து நிமிடமாக்கினேன், பலனில்லை. கிருஷ்ணகிரி அலுவலகத்தில் ஃபைபர் இணைப்பு. அங்கே லாகின் ஆகிறது. ஆனால் சாயங்காலம் சீட்டுப் படங்களை ஏற்றும்போது நின்றுவிடுகிறது. அதே படங்கள் என் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஏறுகின்றன. சீசனில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது என்ன செய்வதென்றே தெரிவதில்லை. நிரலை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களிடம் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. இரண்டுமே தொங்குவதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. தொங்குகிறது என்றால் யாரோ எதற்கோ காத்திருக்கிறார்கள். யார், எதற்காக என்று தெரியும்வரை எதையும் மாற்றாதீர்கள். டைம்அவுட்டை நீட்டியதில் வரிசையில் நிற்கும் விவசாயியின் நேரம்தான் போயிருக்கிறது.

எடைமேடையை முதலில் பார்ப்போம். ‘சரியாக ஒரு நிமிடம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்திலேயே நல்ல தடயம் அதுதான். சிக்னல் கோளாறு இவ்வளவு ஒழுங்காக வராது. ஒரு தடவை பத்து நொடி, இன்னொரு தடவை மூன்று நிமிடம் என்று கண்டபடி இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே நேரம் என்றால் எங்கோ யாரோ வைத்த கெடு முடிகிறது. உங்கள் சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப்சர்வர் மென்பொருள் ஓடுவதாக நிரலின் தலைப்பில் குறித்திருக்கிறீர்கள். உங்கள் நிரல் அனுப்பும் கோரிக்கையின் உடல்பகுதி (எடை, பெயர், ஊர் அடங்கிய தரவு) பாதியில் நின்றால், அடுத்த துண்டுக்கு அது வழக்கமாகக் காத்திருப்பது 60 நொடி. அப்புறம் லாகில், அதாவது சர்வரின் பதிவேட்டில், கெடு முடிந்ததைக் குறிக்கும் 408 என்ற எண்ணை எழுதிவிட்டு முடித்துக்கொள்ளும். அந்த லாகைத் திறந்து பாருங்கள். 408 இருந்தால் உங்கள் கோரிக்கை சர்வர் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, டவர்மேல் குற்றமில்லை.

நிரலைப் படித்தேன். சாக்கெட் என்ற நேரடி இணைப்பைத் திறந்து, தரவுக்கு முன்னால் போகும் விவர வரிகளான ஹெடர்களைக் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். ஹெடர்கள் முடிந்த இடத்தில் காலி வரி இருக்கிறது. அது விட்டுப்போனால் இன்னும் ஹெடர் வரும் என்று சர்வர் காத்திருக்கும், இங்கே அது சரியாக இருக்கிறது. ‘கனெக்‌ஷன்: க்ளோஸ்’ போட்டிருப்பதும் நல்லது. வெப்சர்வரோடு பேசும் நெறிமுறையான எச்டிடிபி 1.1-இல் இணைப்பைத் திறந்தே வைத்திருப்பதுதான் வழக்கம். அந்த வரி இல்லாவிட்டால், இணைப்பு மூடும்வரை படிக்கும் உங்கள் லூப் பதில் முழுசாக வந்த பிறகும் நின்றுகொண்டிருக்கும்.

கோளாறு, உடல்பகுதி எத்தனை பைட் என்று சர்வருக்குச் சொல்லும் ‘கன்டென்ட்-லெங்த்’ வரியில் இருக்கிறது. தரவை ஜேசான் என்ற எழுத்து வடிவமாக்கும் பைத்தானின் ஜேசான் டம்ப்ஸ் வழக்கமாகத் தரும் வடிவத்தை வைத்து நீளத்தைக் கணக்கிடுகிறீர்கள். அது தமிழை அப்படியே வைக்காது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் வரும் ஒவ்வொரு குறியையும் ஒரு சாய்கோடு, ஒரு ‘யு’, நான்கு இலக்கம் என்று ஆறு பைட்டாக்கிவிடும். ஆனால் அனுப்பும் வரியில் தமிழைத் தமிழாகவே யூடிஎஃப்-8 என்ற பைட் வடிவில் அனுப்புகிறீர்கள். அங்கே குறிக்கு மூன்று பைட்தான். பர்கூர் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ப, ர, புள்ளி, க, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஏழு. ஹெடரில் நீங்கள் சொன்னது 42 பைட், அனுப்பியது 21. மீதி 21 பைட்டுக்கு சர்வர் காத்திருக்கிறது, சர்வரின் பதிலுக்கு உங்கள் நிரல் காத்திருக்கிறது.

பெயரும் ஊரும் ஆங்கிலத்தில் அடித்த லோடுகளில் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும். ‘சில லோடுகளுக்கு மட்டும்’ என்றீர்களே, காரணம் அதுதான். பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள், தொங்கியவை எல்லாம் தமிழில் அடித்தவையாக இருக்கும்.

சரிசெய்வது எளிது. உடலை முதலில் பைட்டுகளாக மாற்றுங்கள், அந்த பைட்டுகளை எண்ணி ஹெடரில் எழுதுங்கள், அதே பைட்டுகளை அனுப்புங்கள். அவசரத்தில் எழுத்துகளை எண்ணிவிடாதீர்கள். அப்போது சர்வர் பாதியிலேயே படிப்பதை நிறுத்தி, ஜேசான் உடைந்திருக்கிறது என்று திருப்பியனுப்பும். இன்னும் நல்ல வழி, ரெக்வெஸ்ட்ஸ் என்ற பைத்தான் நூலகத்திடம் வேலையை விட்டுவிடுவது. நீளத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஆங்கிலத்திலேயே அடித்துவிட்டால் தொல்லை இல்லை என்று முடிவெடுத்துவிடாதீர்கள். தன் லோடுக்குக் கிடைக்கும் சீட்டில் விவசாயியின் பெயர் அவர் படிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது கிருஷ்ணகிரி அலுவலகம். இங்கே நிரலில் கோளாறு இல்லை. சின்னது போகிறது, பெரியது நிற்கிறது, வேறு இணைப்பில் எல்லாம் போகிறது என்றால் எம்டியூவைத்தான் (இணைப்பு ஒரே துண்டாக ஏற்கும் பாக்கெட்டின் உச்ச அளவு) சந்தேகிக்க வேண்டும். கம்ப்யூட்டர் அனுப்பும் பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். உங்கள் ஃபைபர், பயனர்பெயர் கொடுத்து இணையும் பிபிபிஓஇ முறையில் வந்தால் அதில் 8 பைட் போய்விடும், மிச்சம் 1492. லாகின் கோரிக்கை சிறியது, நுழைந்துவிடும். படம் என்றால் முழு அளவுப் பாக்கெட்டுகளாகக் கிளம்பும். இவை பெரியவை, குறைத்து அனுப்பு என்று ரூட்டர் ஐசிஎம்பி என்ற நெட்வொர்க் அறிவிப்புச் செய்தி அனுப்பினால் கம்ப்யூட்டர் குறைத்துக்கொள்ளும். பாதுகாப்பு என்ற பெயரில் யாராவது ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தால் அந்தச் செய்தி வந்து சேராது. கம்ப்யூட்டர் அதே பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். திரையில் எந்தப் பிழையும் வராததற்கு இதுதான் காரணம்.

சோதித்துப் பார்க்கலாம். பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்ற குறிப்போடு 1464 பைட் அளவில் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யுங்கள். தலைப்புகளுக்கு 28 சேர்ந்து 1492 ஆகும். அதற்குப் பதில் வந்து, 1472-க்கு வராவிட்டால் சந்தேகம் உறுதி. ரூட்டரில் எம்எஸ்எஸ் அளவை (தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் ஏறும் தரவு) 1452-க்குக் கட்டுப்படுத்தச் சொல்லுங்கள். ‘பாக்கெட் பெரிது’ என்று சொல்லும் அந்த ஐசிஎம்பி வகையையும் திறந்துவிடச் சொல்லுங்கள். ரூட்டரைத் தொட அனுமதி கிடைக்கும்வரை கம்ப்யூட்டரின் எம்டியூவை 1492 ஆக்கி வைத்தாலே படங்கள் ஏறிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் பெரிய கவலை. பதில் வராவிட்டால் மூன்று முறை மறுபடி அனுப்பும்படி நிரலில் வைத்திருக்கிறீர்கள். சர்வர் லோடைப் பதிந்துவிட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால்? ஒரே டிராக்டர் பெங்களூரா மாங்காய் இரண்டு லோடாகக் கணக்கில் ஏறும். பணம் கொடுக்கும் நாளில் அது தகராறாகும், பழி எடைமேடையில் இருப்பவர்மேல் வரும். ஆகவே அனுப்புவதற்கு முன்பே சீட்டு எண்ணை உங்கள் கம்ப்யூட்டரில் உருவாக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண் போகட்டும். அந்த எண் ஏற்கெனவே இருந்தால் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே சர்வர் தர வேண்டும். இதைச் செய்த பிறகு, இணைப்பு ஏற்பட ஐந்து நொடி, பதிலுக்கு இருபது நொடி என்று டைம்அவுட்டைத் தைரியமாகக் குறைக்கலாம். அதற்குள் பதில் வராவிட்டாலும் சீட்டை அச்சடித்து வண்டியை அனுப்பிவிடுங்கள், பதிவைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம்.

அன்புடன்.